நாகர்கோவில் பயாப்ஸி லேப்: ரிப்போர்ட் அருமை, கவுண்டர் படுமோசம்

மாமாவுக்கு ஃபாலிகுலர் லிம்போமா, நிணநீர் புற்றுநோயில் மெதுவாக வளர்கிற வகை. சில வருஷமாக மருந்தே இல்லாமல் செக்கப்போடு ஓடிக்கொண்டிருந்தது. கழுத்து நெறி ஒன்று மட்டும் திடீரென்று பெருத்து, ரத்தத்தில் எல்டிஹெச் என்கிற என்சைமும் ஏறியதால் அதை முழுசாக வெட்டி எடுத்து இந்த லேபுக்கு அனுப்பினார்கள். லேப் பெயரைப் போடவில்லை, திட்டவும் போகிறேன் என்பதால்.

சாம்பிள் வாங்கும்போதே பழைய ரிப்போர்ட், பெட் ஸ்கேன் எல்லாம் கேட்டார்கள், அது பிடித்தது. ஸ்கேனில் அதிகம் ஒளிர்ந்த நெறியா இது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். ஊசியில் உறிஞ்சியிருக்கலாமே என்று கேட்டதற்கு, அதில் செல்கள் சிதறித்தான் வரும், நெறியின் அமைப்பு தெரியாது என்றார் பத்தாலஜி டாக்டரம்மா.

அவருக்காகவே இந்த லேபுக்குப் போகலாம். அத்தை மீன்தான் காரணம் என்று வீட்டில் நெத்திலியையே நிறுத்தியிருந்தார். டாக்டரம்மா "சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு பேப்பரில் வரைந்தே காட்டினார். பெரும்பாலானவர்களுக்கு 14, 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிசிஎல்2 மரபணு ஓயாமல் வேலை செய்கிறது, சாக வேண்டிய செல் சாகாமல் கூட்டம் சேர்கிறது, ஆனால் அவசரமில்லாமல். அப்புறம் அதே கூட்டத்தில் ஏதோ ஒரு கிளையில் செல் வளர்ச்சிக்கு பிரேக் போடும் டிபி53 மரபணு கெட்டு, அல்லது அதே மாதிரி பிரேக்கான சிடிகேஎன்2ஏ தொலைந்து, அல்லது வளர்ச்சியை முடுக்கும் மிக் மரபணு தறிகெட்டு ஓடினால் நோயின் குணமே மாறிவிடும். வருஷத்துக்கு நூறில் 2, 3 பேருக்கு இப்படி ஆகுமாம். மாமாவுக்கும் அதுதான், டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் என்று, வேகமாக வளர்கிற லிம்போமாவாக வந்தது. மிக்கும் பிசிஎல்2வும் சேர்ந்து இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட்டை வெளியூருக்கு அனுப்பினார்கள், கீமோ எது என்பது அதையும் பொறுத்ததாம்.

இனி கவுண்டர். ஃபிஷ்ஷுக்குத் தனிக் காசு என்பதை எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். சரி, அதையாவது விடலாம். ரிப்போர்ட்டை எங்களுக்கோ டாக்டருக்கோ சொல்லாமல் நேரே மாமாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டார்கள், பாவம், மனுஷன் மார்த்தாண்டம் பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகப் படித்திருக்கிறார்.

வெட்டி எடுத்த சதையைப் பதித்து வைக்கும் மெழுகு பிளாக்கைக் கேட்காமல் தரமாட்டார்கள். சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, நடுவே மொச்சை அளவு சதை, ஓரத்தில் பென்சில் நம்பர். நம்பர் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு அது கட்டாயம் தேவைப்படும்.