டி.ஐ.சி. உதவித்தொகை: இறப்பின் காரணத்தை நிறுவுவதா, பத்தாண்டு விதியைப் பிடிப்பதா?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஒருவர் இறந்தால், அவருடைய துணைவருக்கு மாதந்தோறும் டி.ஐ.சி. (சார்ந்திருப்போருக்கு அரசு தரும் இழப்பீடு) உதவித்தொகை கிடைக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழியில், படைப்பணியால் வந்த நோயோ காயமோதான் உயிரைப் பறித்தது என்று காட்ட வேண்டும். அதுவே முதன்மைக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. மரணத்துக்குக் கணிசமாகத் துணைபோயிருந்தாலும் போதும். சிக்கல் பெரும்பாலும் இறப்புச் சான்றிதழில்தான் தொடங்குகிறது. 'மாரடைப்பு' என்று மட்டும் எழுதிவிடுவார்கள்; அதற்குப் பின்னால் இருந்த நீரிழிவு நோய் விடுபட்டுப்போகும். அப்போது மருத்துவரின் காரணம் விளக்கும் கடிதம்தான் வழக்கைத் தாங்கும். ஆதரவும் எதிர்ப்பும் சமமாக இருந்தால் ஐயத்தின் பலன் குடும்பத்துக்கே என்பது சட்டம். வியட்நாமில் பணியாற்றியவர்களுக்கு இன்னொரு வசதி: போரில் அங்கே தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி தொடர்பான பட்டியலில் உள்ள நோய்கள் படைப்பணியால் வந்தவையாகவே கருதப்படும்; அந்தப் பட்டியலில் 2022இல் உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்தது. முன்பு மறுக்கப்பட்டவர்களும் மீண்டும் விண்ணப்பிக்கலாம், தயங்கவே வேண்டாம்.

இரண்டாவது வழியில் இறப்பின் காரணத்தைத் தோண்டுவதில்லை. இறப்பதற்கு முந்தைய பத்தாண்டுகள் தொடர்ச்சியாக அவர் படைப்பணியால் வந்த பாதிப்புக்காக முழு ஊனமுற்றவராக மதிப்பிடப்பட்டிருந்தால் போதும். முன்னாள் போர்க்கைதிக்கு ஓராண்டே போதும். வேலை செய்ய இயலாமைக்காக வழங்கிய முழு மதிப்பீடும் கணக்கில் வரும். ஆனால் ஒன்பதரை ஆண்டில் இறந்தவருக்குப் பொதுவாக இந்தக் கதவு திறக்காது. அது கொடுமை என்றே நினைக்கிறேன்.

அடிப்படைத் தொகை இரண்டிலும் ஒன்றுதான். பத்தாண்டு நிறைந்திருந்தால் இரண்டாவதே எளிது. எதுவானாலும் இறந்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், இறந்த மாதத்திலிருந்தே கணக்கிடுவார்கள்.