மூக்கடைப்புக்கும் கெட்டிச் சளிக்கும் ஒரே ஸ்பிரே: ஐந்து குளிர்காலங்களின் அனுபவம்

சுவிற்சர்லாந்தில், பேர்ண் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் வேலை செய்கிறேன். தடிமன் (ஜலதோஷம்) பிடித்த நாளில் உப்புப் போதுமா என்பதை நாக்கு ஓரளவுக்குச் சொல்லிவிடும். ஆனால் அடுப்பில் வெண்ணெய் கருகத் தொடங்குவதையும், குளிரூட்டியில் இருந்த மீன் இன்றைக்கு ஆகுமா என்பதையும் மூக்கு ஒன்றினால்தான் அறிய முடியும். ஆகவே, மற்றவர்களுக்குத் தூக்கத்தை மட்டும் கெடுக்கும் மூக்கடைப்பு எனக்குத் தொழிலையும் கெடுக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு மூக்கு ஸ்பிரேயைப் பற்றி இவ்வளவு எழுத வேறு காரணமில்லை.

நான் பயன்படுத்தியது அசிட்டைல்சிஸ்டீன், டுவாமினோஹெப்டேன் சல்ஃபேட் என்னும் இரு மருந்துகள் சேர்ந்த ஸ்பிரே. முதலாவது 1 சதவீதம், இரண்டாவது 0.5 சதவீதம், புட்டி 10 மில்லிலீற்றர். பெட்டியின் மேலுள்ள வணிகப் பெயரைச் சொல்லாமல் சேர்மானத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருந்தகத்தின் தட்டில் ஒன்றுபோலவே தோன்றும் பல மூக்கு ஸ்பிரேக்கள் உள்ளன. பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போகிறவர் வேறொன்றை வாங்கி வந்துவிடுவார். எனக்கே ஒருமுறை அப்படி நடந்தது. 2018-19 குளிர்காலத்தில் தொடங்கி 2022-23 வரையான ஐந்து குளிர்காலங்களில் ஆறு புட்டிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். எல்லாரும் முகக்கவசத்தோடு நடமாடிய 2020-21 குளிர்காலத்தில் எனக்குத் தடிமனே வரவில்லை. அந்த ஆண்டு ஒரு புட்டியும் திறக்கப்படவில்லை.

இதற்கு முன் நான் வேறொரு வகை ஸ்பிரேக்கு அடிமையாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சைலோமெட்டாசொலின் என்ற, மூக்கடைப்பைச் சில நிமிடங்களில் திறக்கும் சாதாரண மருந்துதான் அது. ஒரு கார்த்திகையில் தடிமனுக்கென்று தொடங்கியதை மாசி வரை நிறுத்த முடியவில்லை. மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கின் உட்சதை முன்னிலும் அதிகமாக வீங்கும், அந்த வீக்கத்துக்காக மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும், அடித்ததும் சில மணி நேரத்தில் மறுபடி வீங்கும். தலையணைக்குக் கீழே ஒன்று, வேலைச் சட்டைப் பையில் ஒன்று, காரில் ஒன்று என மூன்று புட்டிகள் வைத்திருந்த காலம் அது. கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர், முதலில் ஒரு துவாரத்துக்கு மட்டும் நிறுத்தி, அது தானாக மூச்சுவிடப் பழகிய பின் மற்றதை நிறுத்தும் முறையைச் சொல்லித் தந்து, கூடவே ஒரு ஸ்டீராய்டு ஸ்பிரேயும் எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு வாரங்களும் நான் தூங்கியதாக நினைவில்லை. எனவே அடுத்த ஆண்டு மருந்தாளர் இந்தக் கூட்டு மருந்தைக் காட்டியபோது நான் கேட்ட முதற் கேள்வி, இதிலும் அந்தக் குணம் உண்டா என்பதுதான். உண்டு என்றார் அவர். டுவாமினோஹெப்டேனும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை வற்றவைக்கும் மருந்துதான். மற்றப் பாதியான அசிட்டைல்சிஸ்டீனுக்காகத்தான் இதை எனக்குத் தருவதாகவும், ஏழு நாளுக்கு மேல் தொடரக் கூடாது என்றும் சொல்லி, பெட்டியின் மேல் பேனாவால் ஏழு என்று எழுதித் தந்தார்.

அந்த மற்றப் பாதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே ஐப்பசி கடைசியிலிருந்து வீட்டின் வெப்பமூட்டி ஓடத் தொடங்கும். வெளியே பனிப்புகார் நாட்கணக்காக நிற்க, உள்ளே காற்று காய்ந்துபோய் உதடு வெடிக்கும். சாதாரணமாக நீர்போல ஓட வேண்டிய மூக்குச் சளி, இந்த வறட்சியில் பசைபோல் இறுகி, மூக்கின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். சீறினால் வராது, காறினாலும் வராது. காலையில் ஒரு கட்டியாகத் தொண்டைக்குள் இறங்கும். கன்னத்தினுள்ளும் புருவத்தின் மேலும் உள்ள காற்றறைகளின் வாசல்கள் மிகச் சிறியவை என்பதால், வீக்கமும் கெட்டிச் சளியும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால், குனியும்போதெல்லாம் கண்ணின் கீழே ஈயத்தைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனக்கும். ஊரில் இதைப் பீனிசம் என்போம். சளிக்கு அந்தப் பிசுபிசுப்பைக் கொடுப்பது மியூசின் என்னும் நீண்ட புரத இழைகள். அந்த இழைகளைக் கந்தக அணுக்களாலான பாலங்கள் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கின்றன. அசிட்டைல்சிஸ்டீன் அந்தப் பாலங்களை வெட்டுகிறது. கயிற்றுக் கட்டிலின் முடிச்சுகளை அவிழ்த்தால் கயிறு மிஞ்சும், கட்டில் மிஞ்சாது. சளியும் அப்படித்தான் தொய்ந்துபோகிறது. இங்கே பல வீடுகளில் இருமலுக்குத் தண்ணீரில் போட்டுக் கரைத்துக் குடிக்கும் குளிசையில் இருப்பதும் இதே பொருள். பரசிட்டமோல் அளவுக்கு மிஞ்சி உடலில் சேர்ந்தவர்களின் ஈரலைக் காக்க மருத்துவமனையில் ஏற்றப்படுவதும் இதுவே என்று பின்னர் அறிந்தபோது, சளி மருந்தென்று நான் அலட்சியமாக நினைத்திருந்ததன் மேல் ஒரு மரியாதை வந்தது.

கந்தகம் இருப்பதால் மணமும் உண்டு. முதல் முறை அடித்தவுடன் அவித்த முட்டையை உரித்ததுபோல ஒரு வாடை எழும்பியது. புட்டி பழுதோ என்று ஐயப்பட்டு மருந்தகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அது மருந்தின் இயல்பு என்றார்கள். சில நிமிடங்களில் அடங்கிவிடும். மூன்று நாளாக எந்த வாசனையும் அறியாமல் இருந்த ஒருவனுக்கு அந்த முட்டை வாடையும் நற்செய்தியாகத்தான் இருந்தது.

வேலை செய்யும் விதத்தைப் பொறுத்தவரை, என் அனுபவத்தில் இதன் இரு பாதிகளும் இரு வேறு கதியில் நடக்கின்றன. மூச்சு திறப்பது பத்து நிமிடத்துக்குள் தெரிகிறது. ஆயினும் முன்பு நான் பழகியிருந்த சைலோமெட்டாசொலினைப் போல, கதவை உதைத்துத் திறந்ததுபோன்ற திறப்பு அன்று. சளி இளகுவதற்கோ ஒரு நாள், சில வேளை ஒன்றரை நாள் ஆகிறது. முதல் நாள் ஏமாற்றமாகவே இருக்கும் என்பதை வாங்குபவர்கள் அறிந்திருப்பது நல்லது, ஏனென்றால் இறுகி நின்றது இளகும்போது அது எங்காவது போக வேண்டும். மூக்கு ஒழுகும், தொண்டையின் பின்னால் வடியும், அதனால் இருமல் கூடும். இரண்டாம் நாள் காலையில் சீறும்போது, எத்தனையோ நாளாக அசையாதிருந்தது எளிதாக வெளியே வரும். மூன்றாம் நாளில் பெரும்பாலும் எனக்கு வெங்காயம் வதங்கும் மணம் தெரியத் தொடங்கிவிடும். அதுவரை சாறுகளை ருசி பார்க்கும் பொறுப்பை உடன் வேலை செய்பவரிடம் விட்டுவிடுவேன்.

அடிக்கும் முறையில் நான் செய்த தவறுகள் பல. தலையை அண்ணாந்து வைத்து அடித்து, பலமாக உறிஞ்சுவதே சரியென்று நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் மருந்து மூக்கில் தங்காமல் தொண்டைக்கு ஓடிக் கசக்கிறது. காசும் வயிற்றுக்குள் போகிறது. இப்போது முதலில் மெதுவாக மூக்கைச் சீறி, தலையைச் சற்று முன்னே சாய்த்து, வலத் துவாரத்துக்கு இடக் கையாலும் இடத் துவாரத்துக்கு வலக் கையாலும் அடிக்கிறேன். இப்படிக் கை மாற்றினால் குழாயின் நுனி நடுச்சுவரை நோக்காமல் காதுப் பக்கம் நோக்கும். நடுச்சுவரில் திரும்பத் திரும்பப் பட்டால் அங்கே காய்ந்து இரத்தம் கசியும். என் தாளில் பெரியவர்களுக்கு ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு முறை வீதம், நாளுக்கு மூன்று நான்கு தடவைகள் என்றிருந்தது. நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். அவற்றில் ஒன்று அதிகாலை ஐந்தரைக்கு, வேலைக்குப் புறப்படுமுன். பரிமாறும் வேளைக்குச் சற்று முன் அடித்து, முதியவர்களின் தட்டுகளுக்கு முன்னே மூக்கொழுக நிற்கும் சங்கடத்தை ஒருமுறை பட்டதே போதும். திறந்த புட்டியை 20 நாளுக்குப் பின் வைத்திருக்கக் கூடாது என்பதால், திறந்த தேதியை ஒட்டுத்தாளில் எழுதிப் புட்டியில் ஒட்டுவேன். ஏழு நாள் பயன்பாட்டில் புட்டி முடிவதில்லை. மிச்சத்தைக் கண்டு மனம் இரங்குவதுதான் இதில் உள்ள பொறி.

அந்தப் பொறியில் இரண்டாவது குளிர்காலத்தில் நான் விழப் பார்த்தேன். எட்டாம் நாளும் மூக்கு சற்று அடைத்தே இருந்தது, புட்டியில் பாதி மருந்தும் இருந்தது. அன்றிரவு பதினொரு மணிக்கு, நாளின் ஐந்தாவது தடவையாக அடித்தேன்; அதற்கு முன் ஒரு கடுங்கோப்பியும் குடித்திருந்தேன். விடியும் வரை நெஞ்சு படபடத்தது, கண் மூடவில்லை. குற்றம் முழுதும் என்னுடையதுதான், தாளில் இருந்ததை மீறியவன் நான். டுவாமினோஹெப்டேன் மூக்கோடு நின்றுவிடும் மருந்தன்று. உடல் முழுவதற்கும் ஊக்கியாகச் செயற்படக்கூடியது. போட்டிக் காலத்தில் விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்ட ஊக்கிகளின் உலகப் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. கழகமொன்றில் உதைபந்தாட்டம் ஆடும் என் மருமகனுக்கு, பெட்டியில் மிஞ்சியதைக் கொடுக்க வேண்டாமென்று நான் மறித்ததற்கு அதுவே காரணம். கண்ணழுத்த நோயின் ஒரு வகை உள்ளவர்களும், தைராய்டு மிகுதியாகச் சுரப்பவர்களும், மனச்சோர்வுக்குச் சில மருந்துகளை எடுப்பவர்களும் இதைத் தொடக் கூடாது. இத்தாலியில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இதைக் கொடுப்பதில்லை.

என் மாமியார் இவை எதையும் ஒப்புக்கொள்பவர் அல்லர். "இரண்டு தரம் வேது பிடித்தால் தீருகிற தடிமனுக்கு ஏன் தம்பி இந்தச் செலவு?" என்பது ஆண்டுதோறும் அவர் கேட்கும் கேள்வி. அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. சாதாரணத் தடிமன் எந்த மருந்துமின்றியும் ஏழெட்டு நாளில் இறங்கிவிடும். ஏழு நாள் ஸ்பிரே அடித்து ஏழாம் நாள் குணமானவன், மருந்தால் குணமானானா நாட்கள் போனதால் குணமானானா என்று எப்படிச் சொல்வது? இதைச் சோதித்துப் பார்க்கவே 2021-22 குளிர்காலத்தின் முதற் தடிமனை உப்பு நீரால் மட்டும் கழித்தேன். கொதிக்கவைத்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்பு, காலையும் மாலையும் ஒவ்வொரு துவாரமாகக் கழுவுதல், அவ்வளவுதான். எட்டாம் நாள் குணம். அதே குளிர்காலத்தின் இரண்டாவது தடிமனுக்கு உப்பு நீரும் ஸ்பிரேயும் சேர்த்துப் பயன்படுத்தினேன். அதுவும் எட்டாம் நாள்தான் குணம். வேறுபாடு நடுவிலே இருந்தது: இரண்டாவது முறை, மூன்றாம் நாளிலிருந்து இரவில் தூங்கினேன், மணம் அறிந்தேன், கன்னத்துக் கனம் இல்லை. ஆகவே இந்த மருந்து எனக்கு நோயின் நாட்களைக் குறைக்கவில்லை. அதன் நடுப்பகுதியைத் தாங்கக்கூடியதாக்கியது. அதற்கு மேல் இதைப் புகழ என்னால் முடியாது, அதற்குக் கீழே இறக்கவும் மனமில்லை. கழுவிய பின் கால் மணி நேரம் விட்டு அடித்தபோதுதான் நன்றாகப் பலித்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கெட்டியான சளியின் மேலேயே அடித்தால் மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்வதில்லை.

கைவிட்டதும் ஒருமுறை உண்டு. 2022 மார்கழியில், ஐந்தாம் நாள் தேறிவந்த தடிமன், ஆறாம் நாள் திரும்பக் காய்ச்சலோடும் ஒரு பக்கப் பல் வலியோடும் ஏறியது. சளி பச்சையானது என்பதற்காக நான் பயப்படவில்லை. நிறம் வெள்ளை அணுக்களால் வருவது, அதை மட்டும் வைத்துக் கிருமித் தொற்று என்று முடிவு கட்டக் கூடாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் இறங்கிய நோய் மறுபடி ஏறினால் வரச் சொல்லியும் இருந்தார். அந்த இடத்தில் மூக்கு ஸ்பிரேயால் ஆவது ஒன்றுமில்லை. அடைப்பும் சளியும் 12 வாரத்தைத் தாண்டினால் அது நாட்பட்ட பீனிசம். அதற்கும் இந்தக் கூட்டு மருந்து பொருந்தாது, உப்பு நீரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் மருத்துவர் மேற்பார்வையுமே அங்கே வழி.

2023 ஐப்பசியில் வேலையிடத்துப் பரிசோதனையில் என் இரத்த அழுத்தம் 152க்கு 95 என்று காட்டியது. மறுமாதம் மாத்திரை தொடங்கியபோது, வீட்டில் உள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் கொண்டுவரச் சொன்ன குடும்ப மருத்துவர், அந்தப் பையிலிருந்து முதலில் எடுத்து மேசையின் மறுபக்கம் வைத்தது இந்த ஸ்பிரேயைத்தான். அது ஏழாவது புட்டி, தள்ளுபடி விலைக்கு முன்கூட்டியே வாங்கி வைத்தது, முத்திரை உடைக்கப்படாதது. திரும்பி வரும் வழியில் அதை மருந்தகத்தில் அழிப்பதற்கென்று கொடுத்துவிட்டு, மூக்குக் கழுவும் புதுக் குடுவை ஒன்றை வாங்கிக்கொண்டேன். அந்தக் குளிர்காலத்தில் தடிமன் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வெங்காய மணம் ஐந்தாம் நாளில்தான் திரும்பியது.