"விலைப் பிழை" என்று ஆர்டரை ரத்து செய்தால், பணத்தை வாலட்டில் வாங்கிக்கொள்ளாதீர்கள்

வாஷிங் மெஷினுக்கு முழுப் பணமும் கட்டி, ஆர்டர் உறுதி என்று மெயிலும் வந்த பிறகு, "விலை தவறாகப் பதிவாகிவிட்டது, ஆர்டரை ரத்து செய்கிறோம்" என்று ஓர் ஆன்லைன் கடை கைவிரித்துவிட்டது. ரத்து செய்ததைவிட மோசம், கட்டிய பணத்தை என் கார்டுக்கு அனுப்பாமல், தங்கள் கடையில் மட்டுமே செலவழிக்க முடிகிற தங்களுடைய வாலட்டிலேயே போட்டுவிட்டு, "ரீஃபண்ட் முடிந்தது" என்று கணக்கை மூடியது. இப்படி ஒரு செய்தி நாளைக்கு உங்களுக்கும் வரலாம். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

அது ஒன்றும் நம்ப முடியாத விலை இல்லை. மற்ற கடைகளில் இருந்ததைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அவ்வளவுதான். பக்கத்தின் தலைமாட்டில் தள்ளுபடி விற்பனை என்று பெரிய பட்டை ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கிற யாரும் தள்ளுபடி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். டெலிவரி தேதியையும் அவர்களே குறித்துக் கொடுத்தார்கள். அந்தத் தேதியை நம்பித்தான் பழைய மெஷினை எடுத்துப் போகச் சொன்னோம். மெஷின் வரவேண்டிய நாளுக்கு முந்தின இரவு ரத்துச் செய்தி வந்தது. உடனே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே மாடல், அதே நிறம், ஸ்டாக் இருக்கிறது என்ற பச்சை எழுத்து. விலை மட்டும் ஏறியிருந்தது.

கஸ்டமர் கேரில் பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினார்.

"சிஸ்டம் எரர் சார். உங்க பணம்தான் வாலட்டுக்கு வந்துடுச்சே."

"வாலட் உங்களோடது. நான் கட்டினது என் கார்டுலேர்ந்து. கார்டுக்கே அனுப்புங்க."

"வாலட்ல இருந்தா இப்பவே வேற மெஷின் புக் பண்ணிக்கலாம் சார், உங்களுக்குத்தான் ஈஸி."

சூழ்ச்சியே அங்கேதான் இருக்கிறது. பணம் அவர்களிடமே தங்கிவிட்டால், மெஷின் இல்லாமல் துணி குவிந்து கிடக்கிற குடும்பம் வேறு வழியில்லாமல் புது விலைக்கு அவர்களிடமே வாங்கிவிடும். வாலட் தொகைக்குக் கீழே சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒரு காலாவதித் தேதி வேறு இருந்தது. என் பணத்துக்குக் காலாவதித் தேதி வைக்க இவர்கள் யார்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் "போட்ட விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும்" என்று நம்பிச் சண்டைக்குப் போகிறார்கள். இங்கிலாந்துச் சட்ட மரபைப் பின்பற்றுகிற நாடுகளில் பொதுவாக அப்படி இல்லை. அலமாரியில் விலையோடு பொருளை வைப்பது, வாங்க வரச்சொல்லி அழைப்பது மட்டுமே. வாங்குகிறேன் என்று சொல்வது வாடிக்கையாளர், அதை ஏற்பதும் மறுப்பதும் கடை. 1953இல் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. ஆகவே பில் போடும் முன்பே "லேபிள் தப்பு" என்று கடைக்காரர் சொன்னால், அந்த விலைக்கே கொடு என்று ஒப்பந்தச் சட்டத்தை வைத்துக் கட்டாயப்படுத்துவது கடினம். வேண்டுமென்றே குறைந்த விலையைப் போட்டு ஆளை இழுப்பது வேறு சங்கதி. அது தவறான விளம்பரம், அதற்குத் தனியாகவே சட்டங்கள் இருக்கின்றன.

கண்ணுக்குத் தெரிகிற பிழையைப் பயன்படுத்திக்கொள்கிறவர்களுக்கும் நீதிமன்றம் துணை நிற்காது. 2003இல் சிங்கப்பூரில், 3,854 டாலர் லேசர் பிரிண்டர் ஓர் இணையக் கடையில் 66 டாலருக்குத் தவறிப் பதிவானது. ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். பிழை என்று தெரிந்தே வாங்கினார்கள் என்று 2004இல் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் 2002இல் பிரிட்டனில் நடந்ததையும் பாருங்கள். 329 பவுண்டு கேமராவை 100 பவுண்டு என்று கோடாக் தன் தளத்தில் போட்டுவிட்டது. முதலில் தரமாட்டோம் என்றது. ஆர்டர் உறுதி மெயில் போயிருந்ததால் ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று வாங்கியவர்கள் விடாமல் நின்றார்கள். கடைசியில் அந்த விலைக்கே கொடுத்தது.

இரண்டுக்கும் நடுவில்தான் என் வழக்கு இருக்கிறது, உங்களுடையதும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிழை என்று யாருக்கும் தோன்றாத விலை, உறுதி மெயில், எடுத்துக்கொண்ட பணம். இதற்காகவே பல கடைகள் "பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் உருவாகும்" என்று நிபந்தனைகளில் ஒரு வரி சேர்த்துவைக்கின்றன. ஆர்டர் போட்ட அன்றைக்கு இருந்த நிபந்தனைப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள், பின்னால் மாற்றிவிடுவார்கள். ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று எவ்வளவு வாதாடினாலும் ஒன்றில் மட்டும் குழப்பமே இல்லை. பொருள் தராவிட்டால் பணம் வந்த வழியே திரும்பவேண்டும். நீங்கள் சம்மதிக்காமல் அதைக் கடையின் கூப்பனாக மாற்றக் கூடாது.

நான் போனில் பேசுவதை அத்தோடு நிறுத்தினேன். ஆர்டர் மெயில், பணம் போன வங்கிச் செய்தி, ரத்துச் செய்தி, ஏறிய விலை தெரிகிற ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் இணைத்து, வாலட் தொகையை ஏற்கவில்லை, கார்டுக்கே அனுப்பவேண்டும் என்று கடையின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டேன். வாலட்டிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை. எடுத்தால் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிடுவார்கள். கூடவே கார்டு கொடுத்த வங்கியில், பொருள் வரவில்லை என்று சார்ஜ்பேக் புகாரும் (கார்டில் போன பணத்தைக் கடையிடமிருந்து வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது) கொடுத்தேன். இதற்குக் காலக்கெடு உண்டு. கடைக்காரர் "இன்னும் ஒரு வாரம் சார்" என்று இழுத்தடிக்கும்போது அந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். வங்கியின் கேள்வி கடைக்குப் போன பிறகுதான் பணம் கார்டுக்கு வந்தது.

இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பிடி இருக்கிறது. தான் ஒருதலையாக ரத்து செய்யும்போது ரத்துக் கட்டணம் எதையும் ஏற்காத இணைய நிறுவனம், வாடிக்கையாளர் ரத்து செய்தாலும் அவரிடம் அப்படிக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

நேரடிக் கடையில் இதுவே தலைகீழாக நடக்கும். அலமாரி லேபிளில் ஒரு விலை, ஸ்கேன் செய்தால் அதைவிடக் கூடுதல். சலுகை முடிந்ததும் கணினியில் விலையை ஏற்றிவிட்டு, லேபிளை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தப் பிழையைப் பிழை என்று கடை தானாக முன்வந்து சொல்வதே இல்லை, எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்படிக் கூடுதலாகப் பிடித்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவதோடு, அதைப்போல் பத்து மடங்கும் கேட்கலாம். அந்தப் பத்து மடங்குத் தொகை குறைந்தது 1 டாலர், அதிகபட்சம் 5 டாலர். எல்லா ஊரிலும் இப்படி விதி கிடையாது. லேபிளைப் போனில் படம் எடுத்து, பணம் கட்டும் முன்பே கவுன்டரில் காட்டுங்கள். கட்டிய பிறகு கண்டுபிடித்தால் பில்லோடு அப்போதே மேனேஜரிடம் போங்கள், ஏனென்றால் சொன்ன மறுநிமிடமே லேபிளைக் கிழித்துவிடுவார்கள்.

என் பணம் வந்துவிட்டது, மெஷின் வரவில்லை. ரத்தானதால் ஆன செலவுக்கு நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ரத்துச் செய்தி வந்து வாலட்டில் பணம் முடங்கியிருக்கிறவர்கள், இன்றைக்கே வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள்.