கறுப்பு வெள்ளை நெகட்டிவை ஸ்கேனுக்குக் கொடுக்கும் முன்

பெரிய அளவில் பிரிண்ட் போடலாம் என்று, இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்த குடும்பப் படங்களை ஒரு லேபில் கழுவி ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். "எந்த ஃபிலிமாக இருந்தாலும் சரி, தூசி, கீறலையெல்லாம் மெஷினே எடுத்துவிடும்" என்று உறுதியாகச் சொன்னார்கள்.

வந்த ஃபைல்களைப் பெரிதாக்கிப் பார்த்ததும் வயிறு எரிந்தது. பாட்டியின் நரைமுடி இழை இழையாகத் தெரிய வேண்டிய இடத்தில் யாரோ விரலால் தேய்த்துவிட்டதுபோல் ஒரே திட்டு. புருவம், புடவைக் கரை எல்லாம் அதே கதி. கேட்டால், "உங்கள் ஃபிலிம் மட்டம்" என்று பதில். நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அதில் ஒவ்வொரு முடியும் துல்லியமாக இருந்தது!

நடந்தது இதுதான். டிஜிட்டல் ஐஸ் போன்ற தூசி நீக்கும் வசதி அகச்சிவப்புக் கதிரை நம்பி வேலை செய்கிறது. கலர் நெகட்டிவில் படம் சாயத்தால் ஆனது, கதிர் அதைக் கடந்து போய்விடும். தூசியும் கீறலும்தான் மறிக்கும். மறித்த இடத்தை மென்பொருள் சுற்றியுள்ளதை வைத்து நிரப்பிவிடும். ஆனால் எச்பி5, ட்ரை-எக்ஸ், டி-மேக்ஸ், டெல்டா போன்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் எல்லாவற்றிலும் படமே உலோக வெள்ளி. வெள்ளியும் கதிரை மறிக்கும். அப்புறம் என்ன, பாட்டியின் முடியும் அதற்குத் தூசிதான். ஸ்கேன் செய்வதே தொழிலாக இருப்பவர்களுக்கு இது தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் ஃபிலிம் வாங்கும் முன்பே லேபிடம் கேளுங்கள்: கறுப்பு வெள்ளைக்கு அந்த வசதியை அணைப்பீர்களா? முடியாது என்றால் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் வாங்குங்கள். அது கலர் நெகட்டிவ் போலவே சி-41 முறையில் கழுவப்படுவது, படம் சாயத்தில் நிற்பது. தூசி நீக்கம் ஒழுங்காக வேலை செய்யும். "எல்லா ஃபிலிமுக்கும் ஒரே கழுவல்தான்" என்று சொல்லும் இடத்தில் மட்டும் வெள்ளி ஃபிலிமைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கழுவல் சி-41 என்றால், வெள்ளி முழுவதும் கரைந்து போய், வெற்று ஃபிலிம்தான் கைக்கு வரும்.

இன்னொன்று, வெளிச்ச நிழல் நுணுக்கத்தைக் குறைக்காமல் வைத்திருக்கும் 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலாகக் கேளுங்கள். எனக்கு வந்தது கான்ட்ராஸ்ட் ஏற்றிய ஜேபெக். தாத்தாவின் வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புகூட மிஞ்சவில்லை.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். நெகட்டிவ்களை மட்டும் வாங்கி வந்து, வேறு இடத்தில் அந்த வசதியை அணைத்து ஸ்கேன் செய்திருக்கிறேன். தூசியைக் கையால்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, ஆனால் நரைமுடி முழுதாக இருக்கிறது.