புட்டுத்தோப்பு வரை ஒரு வெள்ளக் கதை நடை

மதுரையின் வெள்ளக் கதைகளை மட்டுமே பொருளாகக் கொண்டு ஞாயிறு காலைகளில் நடத்தப்படும் வழிகாட்டி நடை ஒன்றில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். கட்டணம் ஒருவருக்கு 400 ரூபாய். சிற்றுண்டியும் அதில் அடக்கம். பொற்றாமரைக் குளத்தில் தொடங்கி, வைகைக் கரை வழியாகப் புட்டுத்தோப்பில் முடிகிறது. கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை என்பதை ஏற்பாட்டாளர்கள் முன்னரே நினைவூட்டியிருக்கலாம். அவற்றை ஒப்படைக்க வரிசையில் நின்றதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது.

வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். குளப்படியில் அமர்ந்து, திருவிளையாடற் புராணத்தின் அறுபத்து நான்கு படலங்களில் நீரால் வந்த இடர்களை அவர் பாடல்களோடு எடுத்துரைத்தபோது, கொடுத்த பணம் அங்கேயே கழிந்துவிட்டது எனலாம். வருணனுக்குத் தீராத வயிற்றுவலி. அதைத் தீர்க்கும் ஆற்றல் சொக்கநாதருக்கு உண்டா என்று சோதிக்க அவன் கடலை ஊர்மேல் ஏவுகிறான். இறைவன் நான்கு மேகங்களை அனுப்பி அதைக் குடிக்கச் செய்கிறார். வருணன் அடங்காமல் ஏழு மேகங்களைப் பொழியச் சொல்ல, அந்த நான்கு மேகங்களே நான்கு மாடங்களாக ஊருக்குக் கூரை கவிந்து நிற்கின்றன. நான்மாடக் கூடல் என்ற பெயருக்குப் புராணம் சொல்லும் காரணம் இது. ஊரார் எவரும் ஒரு பிழையும் செய்யவில்லை. ஒரு தேவனின் வயிற்றுவலிக்கு ஊர் நனைந்தது, அவ்வளவுதான்.

மண் சுமந்த படலத்தில்தான் தெய்வச் சினம் உண்மையாகவே வருகிறது. குதிரை வாங்கக் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறைத் திருப்பணியில் செலவிட்ட மாணிக்கவாசகரைப் பாண்டியன் சுடுமணலில் நிறுத்த, வைகை பெருகுகிறது. ஆனால் வெள்ளத்தை அழைத்த இறைவனே, தன் பங்குக் கரையை அடைக்க ஆளில்லாத வந்திக் கிழவிக்காகக் கூடையும் மண்வெட்டியும் எடுத்துக் கூலியாளாக வருகிறார். உதிர்ந்த புட்டு மட்டுமே கூலி என்று அவளிடம் பேசி, அதைத் தின்றுவிட்டு உறங்குகிறார். அரசனின் பிரம்படி அவர் முதுகில் விழ, அது எல்லா உயிர்களின் முதுகிலும் படுகிறது. ஆசிரியர் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, சற்றுநேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது.

குறை ஆற்றங்கரையில் தொடங்கியது. மக்கள் தெய்வத்தை மறந்ததால்தான் 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்களில் நீர் புகுந்தது என்றார். உடன் வந்த செல்லூர்ப் பெண்மணி ஒருவர், "ஐயா, பந்தல்குடி வாய்க்கால் தண்ணீரைக் கொள்ளாமல் போனதும் காரணம் இல்லையா?" என்று பணிவாகக் கேட்டார், அதற்கு ஒரு புன்னகையே விடையாகக் கிடைத்தது. 1934 பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்துக்கான தண்டனை என்று காந்தி திருநெல்வேலியில் பேசியதையும் அவர் சான்று காட்டினார். அதைத் தாகூர் கடுமையாக மறுத்ததையும், அம்மறுப்பைக் காந்தியே தம் 'ஹரிஜன்' இதழில் வெளியிட்டதையும் சொல்லாமல் விட்டது நேர்மையன்று. மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுக்கும் நம் பக்கத்து ஊர்களிலும் பாவி என்று ஒரு வைக்கோல் உருவத்தைத்தான் இழுக்கிறார்களே தவிர, நனைந்த வீட்டுக்காரரைக் கைநீட்டிச் சொல்வதில்லை. காலையில் தாம் சொன்ன கதைகளே இந்தத் தீர்ப்புக்கு இடம் கொடுக்கவில்லை என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

புட்டுத்தோப்பில், ஆவணி மூலத்தின்போது சுவாமி மண் சுமக்க எழுந்தருளும் விழாவைப் பற்றி ஐந்து நிமிடம் மட்டுமே பேசினார், வெயில் ஏறிவிட்டது. நிழலுக்கு இடமில்லாததால் முதியவர்கள் குடை கொண்டுபோவது நல்லது. படல விளக்கத்துக்காக இந்த நடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆற்றங்கரைப் பேச்சின்போது சற்றுப் பின்தங்கி நடக்கலாம்.

சிற்றுண்டியாக வாழையிலையில் வெல்லமும் தேங்காயும் கலந்த புட்டு தந்தார்கள். சுவை குறையில்லை, ஆனால் ஒன்றும் உதிராமல் கட்டி கட்டியாக இருந்தது. வந்தியிடம் பேசிய கூலியின்படி பார்த்தால், அன்று சொக்கநாதர் பட்டினிதான்.