பழைய ஆல் வீல் டிரைவ் காரோடு ஐந்து குளிர்காலம்

நான் கார் பைத்தியம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்ப வேண்டும், வாசலிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் அந்த இருநூறு மீட்டர் மேட்டில் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என் தேவை. இந்தக் காருக்கு முன்னால் வைத்திருந்தது சின்ன முன்சக்கர டிரைவ் கார், அதாவது இன்ஜின் முன்சக்கரத்தை மட்டும் சுற்றும் வகை. அதோடு இரண்டு குளிர்காலம் மண்வெட்டியும் கையுமாக மல்லுக்கட்டியதில் வெறுத்துப்போய், கையில் இருந்த காசுக்குள் கிடைத்த ஒரு பழைய ஆல் வீல் டிரைவ் வண்டியை வாங்கினேன். வாங்கும்போது அதற்கு 11 வயது, ஓடோமீட்டரில் 1,62,000 கி.மீ., பெட்ரோல், மேனுவல் கியர், பின்னால் நீளமாக இடம் உள்ள வகை. இப்போது 2,31,000 ஓடியிருக்கிறது. எந்த கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும், நான் சொல்ல வந்தது அது இல்லை.

முதல் பனி விழுந்த அன்று மேட்டில் ஏறியபோது இருந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் காரைத் தள்ளிக்கொண்டிருக்க, நம் வண்டி தார் ரோட்டில் போவதுபோல் சத்தமில்லாமல் ஏறியது. மூன்றாவது வாரம் அதே மேட்டில் இறங்கினேன். கீழே சந்திப்பு. பிரேக்கை மிதித்தேன், காலுக்குக் கீழே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏற்பாடு) கடகடவென்று உதறியது, வண்டி மட்டும் நிற்கவில்லை. வேகம் 25 கூட இருக்காது. மெதுவாக, ரொம்ப நிதானமாக, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் நேராகவே வழுக்கிப் போய், சந்திப்பைத் தாண்டி எதிர்ப் பக்கப் பனிக்குவியலில் முட்டி நின்றது. குறுக்கே யாரும் வராதது என் அதிர்ஷ்டம். பம்பரில் ஒரு கீறல், அதோடு போயிற்று.

யோசித்தால் விஷயம் எளிது. எல்லாக் காருக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஆல் வீல் டிரைவ் என்பது இன்ஜினின் சக்தியை நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு, அதாவது கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும். நிறுத்துவதற்கு அது ஒன்றுமே செய்யாது. கூடவே சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட், பின் டிஃபரன்ஷியல் (சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் பல்சக்கரப் பெட்டி) எல்லாம் சேர்த்து வண்டியின் எடையும் கூடிவிடுகிறது. இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. பழைய முன்சக்கர வண்டி கிளம்பும்போதே சக்கரம் சுற்றி, 'இன்றைக்கு ரோடு வழுக்குது' என்று சொல்லிவிடும். இந்த வண்டி அதைச் சொல்வதே இல்லை. ரோடு எவ்வளவு மோசம் என்பது முதல் பிரேக்கில்தான் தெரியும். அதனால் இப்போதும் ஒவ்வொரு நாளும் கிளம்பிய இருபது மீட்டருக்குள், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு தடவை பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வேகம் எடுப்பேன்.

அன்றைக்கு வண்டியில் இருந்த டயர்கள் எம்+எஸ் (மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) என்று பக்கவாட்டில் போட்டிருந்தவை. விற்றவர் அதைக் காட்டி 'பனிக்கு இதுவே போதும்' என்றார், நானும் நம்பிவிட்டேன். அந்த எழுத்து டயரின் பட்டன் அமைப்பை, அதாவது ரோட்டில் படும் ரப்பர் மேடுபள்ளத்தை வைத்து தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது, பனியில் ஓட்டிச் சோதித்தார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சோதனையில் தேறிய டயர். சாதாரணக் கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும், விண்டர் டயரின் ரப்பர் குளிரிலும் இளகியே இருக்கும், பட்டன்களில் மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். அந்த வெட்டுகள்தான் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. நாலு விண்டர் டயர் மாற்றிய பிறகு அதே மேட்டில் அதே வேகத்தில் இறங்கிப் பார்த்தேன், சந்திப்புக்கு நன்றாக முன்னாலேயே நின்றது. வண்டி வாங்கும் பட்ஜெட்டில் ஒரு பகுதியை டயருக்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும், மிச்சக் காசுக்குத்தான் வண்டி தேட வேண்டும் என்பேன். ரோடு சீக்கிரம் சுத்தம் செய்யப்படுகிற இடத்தில் இருப்பவர் என்றால், நல்ல விண்டர் டயர் போட்ட முன்சக்கர காரே போதும். மொட்டை டயரோடு வரும் ஆல் வீல் டிரைவைவிட அது எவ்வளவோ மேல்.

பழைய வண்டியோடு டயரும் சேர்ந்து வந்தால் தேதியைப் பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்: 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பட்டன் ஆழம் பல நாடுகளில் சட்டப்படி 1.6 மி.மீ. வரை போகலாம் என்று இருந்தாலும், பனிக்கு 4 மி.மீ.-க்குக் கீழே போனதை நான் டயராகவே எண்ணுவதில்லை.

சரி, ஆல் வீல் டிரைவுக்கு வருவோம். எல்லாம் ஒன்று இல்லை, இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சுபாரு 1972-லேயே லியோன் வேகனில் நாலு சக்கர டிரைவ் கொடுத்தது, ஆடியின் நாலு சக்கர டிரைவ் காரான குவாட்ரோ 1980-இல் வந்தது, இந்த இரண்டு பெயரும் பனியோடு ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம். ஆனால் குவாட்ரோ என்ற பட்டை ஒட்டிய எல்லா வண்டிக்குள்ளும் ஒரே இயந்திரம் இல்லை. இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும் பழைய பெரிய ஆடிகளில் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் டோர்சன் என்ற வகை டிஃபரன்ஷியல், நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும். ஏ3, டிடி மாதிரி இன்ஜின் குறுக்கே இருப்பவற்றில் ஹால்டெக்ஸ் கப்ளிங். இதில் சாதாரண ஓட்டத்தில் முன்சக்கரமே பெரும்பாலான வேலையைச் செய்யும், தேவைப்படும்போது எண்ணெய் அழுத்தத்தில் கிளட்ச் தட்டுகள் நெருங்கிப் பின்சக்கரத்தை இணைக்கும். வோல்வோ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்று நிறைய வண்டிகளில் இதே கப்ளிங்தான். பழைய ஹோண்டா சிஆர்-வி-யில் முன்சக்கரம் வழுக்கிய பிறகே பின்சக்கரம் விழித்துக்கொள்ளும். சுசுகி எஸ்எக்ஸ்4-இல் ஒரு சுவிட்ச்: இரண்டு சக்கரம், ஆட்டோ, லாக். மலிவு வண்டியில் அந்த லாக் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், நம் கையால் போட்டு நம்பலாம். ஜிம்னி மாதிரி நடு டிஃபரன்ஷியலே இல்லாதவை வேறு சாதி, முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்ற வழி இல்லாததால் காய்ந்த ரோட்டில் நாலு சக்கரத்தைப் போட்டு ஓட்டக் கூடாது.

இன்னொன்று, பார்க்க ஜீப் மாதிரி உயரமாக இருக்கும் பல வண்டிகள் வெறும் முன்சக்கர டிரைவாகவும் விற்பனையாகியிருக்கின்றன. விளம்பரத்தில் நாலு சக்கரம் என்று போட்டிருந்தாலும் பின்னால் குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு டிஃபரன்ஷியலும், அதற்கு முன்னாலிருந்து வரும் நீளமான ஷாஃப்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேச்சு முடிந்தது.

என் வண்டியில் இருப்பது கப்ளிங் வகை. அதை நானே கெடுத்துக்கொள்ளப் பார்த்த கதை இரண்டாவது குளிர்காலத்தில். ஒரு டயரின் பக்கவாட்டில் கிழிசல். டயர் கடையில் 'ஒன்று மாற்றினால் போதும்' என்றார்கள், எனக்கும் காசு மிச்சம் என்று தோன்றியது. மற்ற மூன்றும் 5 மி.மீ., புதுசு 8 மி.மீ. மூன்று மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டால், ஆரம் 3 மி.மீ. கூடினால் சுற்றளவு 19 மி.மீ. கூடும், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு அந்தச் சக்கரம் மற்றவற்றைவிட நாலைந்து சுற்று குறைவாகச் சுற்றும். கப்ளிங்குக்கு அது தெரியாது, சக்கரம் வழுக்குகிறது போல என்று நினைத்து வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் பார்க்கிங்கில் வண்டியை ஒடித்துத் திருப்பினால் பின்பக்கம் யாரோ பிடித்து இழுப்பதுபோல் உதறத் தொடங்கியது. மெக்கானிக் கப்ளிங் ஆயிலை இறக்கிக் காட்டினார். மை மாதிரிக் கறுப்பு, தீய்ந்த வாடை. "ஒரு டயர் மட்டும் புதுசா? ஏன்?" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, இன்னும் மூன்று புது டயரும் வாங்கினேன். மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள்.

அதனால் வண்டி பார்க்கப் போகும்போது முதலில் நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானமா என்று பாருங்கள். நாலும் நாலு விதமாக இருந்தால் அந்த ஆள் எத்தனை வருஷமாக எதைத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்துவிடும். அப்புறம் காலியான, காய்ந்த இடம் ஒன்றில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, முதல் கியரில் நடை வேகத்தில் இரண்டு வட்டம் போடுங்கள், பிறகு மறுபக்கம். வண்டி தயங்கினாலோ, பின்னால் குதித்தாலோ, கடக் கடக் என்று சத்தம் வந்தாலோ யோசிக்க வேண்டும். சில வண்டிகளில் ஆயில் மாற்றினாலே சரியாகிவிடும், சிலவற்றில் கப்ளிங்கே போயிருக்கும், வாங்குவதற்கு முன் அதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். முடிந்தால் பனியோ சரளைக்கல்லோ உள்ள இடத்தில் சட்டென்று ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி வெளியே நின்று பாருங்கள், பின்சக்கரமும் மண்ணைக் கிளற வேண்டும். கிளறாமல் முன்சக்கரம் மட்டும் சுற்றினால் பின்பக்க டிரைவ் எப்போதோ செத்திருக்கலாம், ஓட்டியவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம்.

ஆயில் விஷயத்தில் ரசீது கேளுங்கள். இன்ஜின் ஆயிலை எல்லோரும் மாற்றுவார்கள். பின் டிஃபரன்ஷியல், முன்னாலிருந்து சக்தியைப் பின்னுக்குத் திருப்பும் பெட்டி, கப்ளிங், இந்த மூன்றையும் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று சில கையேட்டில் எழுதியிருக்கும். யாருடைய ஆயுள் என்றுதான் எழுதவில்லை.

துருதான் மலிவு வண்டியின் நிஜமான வயது. பனி உருகுவதற்காக உப்புத் தூவும் ரோட்டில் ஓடிய வண்டி என்றால் கிலோமீட்டரைப் பார்ப்பதைவிட அடிப்பாகத்தைப் பார்ப்பது முக்கியம். நான் ஒரு ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் பழைய பாயும் எடுத்துக்கொண்டு போவேன். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பைத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல தகரம் 'டங்' என்று சொல்லும், உள்ளே அரித்தது அட்டைப் பெட்டி மாதிரி 'பொத்'தென்று சொல்லும். ஜாக்கி வைக்கும் இடம், பின் சஸ்பென்ஷன் உடம்போடு சேரும் இடம், பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய்கள். இவற்றைப் பார்க்காமல் வாங்காதீர்கள். அடியில் பளபளவென்று புதுசாகக் கறுப்பு பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும், குறையாது. இவ்வளவு பேசும் என் வண்டியிலேயே மூன்றாவது வருஷம் சர்வீஸில் தூக்கியபோது பின்பக்க பிரேக் குழாய் பொருக்குத் தட்டிப்போய் இருந்தது. குழாயை மாற்றியாயிற்று. அதற்குப் பிறகு வெப்பம் சுழியத்துக்கு மேலே போகும் நாட்களில் அடிப்பாகத்தை நீர் அடித்துக் கழுவாமல் விடுவதில்லை.

வண்டி பார்க்கப் போகுமுன் இன்ஜினை முன்கூட்டியே சூடாக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். பத்து நிமிஷ ஓட்டத்தில் ஹீட்டர் நன்றாகச் சூடு கொடுக்க வேண்டும், பின் கண்ணாடியின் சூட்டுக் கம்பிகள் வேலை செய்ய வேண்டும். பேட்டரி பழசு என்றால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள், மைனஸ் 18-இல் அது கொடுக்கும் சக்தி ஏறக்குறைய பாதிதான். டயர் காற்றும் அப்படியே, ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ குறையும்.

ஐந்து வருஷத்தில் பெட்ரோல் பழைய காரைவிட 100 கி.மீ.-க்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடுதலாகக் குடித்திருக்கிறது. இரண்டு தடவை மட்டும் சிக்கி நின்றேன், இரண்டும் பனி வண்டியின் வயிற்றுக்கு மேலே ஏறிய நாட்கள். அடிவயிறு பனியில் உட்கார்ந்து சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது எத்தனை சக்கரத்துக்கு சக்தி போனால் என்ன? மண்வெட்டி இப்போதும் டிக்கியில்தான் இருக்கிறது.

போன மாதம் தூக்கிப் பார்த்ததில் ஜாக்கி வைக்கும் இடம் இரண்டும் அரித்துவிட்டன. டிங்கரிங் செய்து வெல்டிங் வைக்கலாம், ஆனால் வண்டியின் மதிப்புக்கு அது கட்டாது என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார். இந்தக் குளிர்காலத்தோடு விடை கொடுக்கப் போகிறேன். போன வருஷம்தான் வாங்கிய நாலு விண்டர் டயரில் இன்னும் 7 மி.மீ. பட்டன் இருக்கிறது, அதனால் அடுத்த வண்டியை அந்த டயர் அளவை வைத்துத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.