பணம் வந்தது, பணிக்காலம் வரவில்லை

வாப்பாவின் ஓய்வூதிய விண்ணப்பத்தை நிராகரித்து, ஊழியர் வருங்கால வைப்பு நிதி அலுவலகம் அனுப்பிய கடிதம் ஒரே ஒரு காரணத்தைத்தான் சொன்னது: தகுதியுள்ள பணிக்காலம் 10 ஆண்டுகளுக்குக் குறைவு. 1998 முதல் 2005 வரை கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையிலும், பிறகு 2011 வரை மண்டபம் அருகே ஓர் இறால் ஏற்றுமதி நிறுவனத்திலும் கணக்கராக இருந்தவர் அவர். வேலை மாறியபோதே படிவம் 13 கொடுத்து வைப்பு நிதியையும் மாற்றிக்கொண்டார். கீழக்கரையில் நான் கழித்த விடுப்பு பெரும்பாலும் இந்தக் கடிதத்தின் பின்னாலேயே போயிற்று.

கணக்கு மாறும்போது வைப்பு நிதித் தொகை மட்டுமே புதிய அலுவலகத்துக்கு வருகிறது. ஓய்வூதியத்துக்கென ஊதியத்தில் 8.33 விழுக்காடாக முதலாளி செலுத்திய பணம் இடம்பெயர்வதில்லை; அதற்குரிய பணிக்கால விவரம் ‘இணைப்பு கே’ என்ற தாளில் வந்து சேர வேண்டும். வாப்பாவின் பணம் வரவாகியிருந்தது, தாளில் இருந்த 7 ஆண்டுகளை யாரும் பதியவில்லை. அவர் 2011இலேயே வேலையை விட்டதால், 2014இல் வந்த, எத்தனை வேலை மாறினாலும் மாறாத யுஏஎன் என்ற உறுப்பினர் எண்ணும் அவருக்கு இல்லை. நான் வேலை செய்யும் சிங்கப்பூரில் எத்தனை முதலாளி மாறினாலும் எனக்குச் சேமநிதிக் கணக்கு ஒன்றுதான். அந்நாட்டு அரசின் இணைய அடையாளமான சிங்பாஸ் வழியாக நுழைந்தால் ஒவ்வொரு மாத வரவும் கண்முன் நிற்கும். இங்கோ, இரண்டு பதிவேடுகளையும் தன்னிடமே வைத்திருக்கும் நிதியம், தான் எழுதத் தவறியதை நிரூபிக்கும்படி அறுபதை நெருங்கும் மனிதரிடம் கேட்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

தம்பி முன்கூட்டியே 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பழைய வைப்பு நிதி அலுவலகத்திடம் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கியிருந்தான். மேல்முறையீட்டு மனுவோடு அதைச் சேர்த்துக்கொண்டு, 27ஆம் தேதி மாவட்டத்தில் நடந்த குறைதீர் முகாமுக்குத் திருப்புல்லாணி வழியாக இராமநாதபுரம் பஸ்ஸில் போனோம். அந்தச் சாலையில் உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது, சிறுவயதில் வாப்பாவுடன் போன பயணங்கள் நினைவுக்கு வந்தன. அன்றும் அவர் ஏதாவது ஒரு கையெழுத்துக்காகத்தான் போய்க்கொண்டிருந்தார்.

முகாமில் இருந்த இளம் பெண் அதிகாரி “ஐயா, முதல்ல உட்காருங்க” என்று சொல்லி, தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு கணினியில் கணக்கைத் திறந்து, பழைய கணக்கிலிருந்து வந்த தொகை வரவான வரியைத் தேடி எடுத்தார். பணம் வந்திருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் பணிக்காலமும் இருந்தாக வேண்டும் என்று பக்கத்தில் இருந்த ஊழியரிடம் சொல்லி, எங்கள் மனுவின் ஓரத்திலும் அதையே எழுதிக் கையொப்பமிட்டார். நிராகரித்த அலுவலகத்தில் எவரும் இந்த ஒரு வரியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாப்பா இத்தனை மாதங்கள் உறக்கமின்றிக் கிடந்திருக்க மாட்டார்.

நான் திரும்புவதற்குள் பணிக்காலம் 13 ஆண்டுகள் என்று திருத்தப்பட்டுவிட்டது. ஓய்வூதியத்துக்குக் கணக்கில் கொள்ளும் மாத ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதுதான் கணக்கு. அன்றைய உச்சவரம்பான 6,500 ரூபாய்க்கு மாதம் ஏறக்குறைய 1,207 ரூபாய் வரும். சிங்கப்பூரில் ஒரு குடும்பத்தின் இரவு உணவுக்கே இது போதாது என்றாலும், இது அவர் உழைத்துச் சேர்த்த பணம். 58 வயது நிறைந்த நாளிலிருந்து நிலுவையும் சேர்த்துத் தர வேண்டும் என்று கேட்டு, ஓய்வூதிய விண்ணப்பமான படிவம் 10டியை மீண்டும் கொடுத்திருக்கிறோம்.